வேட்டி பிழைத்தது, முகம் போனது: ‘வலது பக்கம் தள்ளு’ விதி பற்றி

டிஸ்கி: நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு நிரல் எழுதிப் பிழைப்பவன். கீழே உள்ள கணக்குகளில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

2009-இல் அப்பாவுக்கு தி.நகரில் ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அப்போதுதான் முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் ஷாமியானா போட்டு, இரண்டு மணை வைத்து, அப்பா அம்மாவை உட்கார வைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். காலை பத்தரை மணி இருக்கும். ஷாமியானா நிழல் அப்பாவின் மார்பு வரைக்கும்தான். அதற்குக் கீழே, மடியில் சுளீரென்று வெயில். வெள்ளை வேட்டி கண்ணைக் கூசியது.

சல்லடை வழியாகத் தண்ணீர் விழுந்த நொடியில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் போட்டோவுக்கென்று சிரிக்கிற ஆள் இல்லை. கேமராவைப் பார்த்தாலே முகம் ரேஷன் கார்டு முகமாகிவிடும். அந்தச் சிரிப்பு என்னிடம் ஒரே ஒரு ஃபிரேமில் இருக்கிறது.

அந்த ஃபிரேமில் வேட்டியின் பச்சைக் கரை நூல் நூலாகத் தெரிகிறது. முகம் இருட்டு. மென்பொருளில் தூக்கிப் பார்த்தால் கன்னத்தில் கோடு கோடாகப் பட்டைகள், நெற்றியில் ஊதாப் புள்ளிகள். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நான் ஒரு விதியைப் படித்துவிட்டு அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் வந்தது இது. அந்த விதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விதி என்ன சொல்கிறது

2003 ஜூலையில் டொரோண்டோக்காரரான மைக்கேல் ரைக்மன் தன்னுடைய ‘லூமினஸ் லேண்ட்ஸ்கேப்’ தளத்தில் ‘எக்ஸ்போஸ் டு த ரைட்’ என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதில் கிடைத்த யோசனை அது. டிஜிட்டல் புகைப்படம் கற்றுக்கொண்ட என் தலைமுறையில் இந்த விதி காதில் விழாதவர்கள் குறைவு.

ஹிஸ்டோகிராம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: படத்தில் எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைக் காட்டும் வரைபடம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. வரைபடம் வலது சுவரில் முட்டினால் அந்த இடத்தில் விவரம் காலி. வெறும் வெள்ளைதான் மிஞ்சும்.

ரைக்மன் சொன்னது இதுதான். ரா ஃபைலில் எடுப்பவர்கள் வரைபடத்தை வலது சுவரில் முட்டாத அளவுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலப்பக்கம் தள்ளி எடுங்கள். படம் வெளுத்ததுபோல் தெரிந்தால் கவலை வேண்டாம், பிறகு மென்பொருளில் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு அவர் காட்டிய காரணமும் எளிமையானது. அன்றைய 12 பிட் கேமராவில் மொத்தம் 4096 படிகள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் அதில் பாதி, அதாவது 2048 படிகள் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 1024, பிறகு 512, 256. ஐந்தாவது ஸ்டாப்புக்கு 128-தான். இடது பக்கம் ஒதுங்கி எடுப்பவன் இருக்கிற படிகளில் பெரும்பகுதியை வீணாக்குகிறான்.

நிரல் எழுதுகிறவனுக்கு இந்த வாதம் லட்டு மாதிரி. நான் அப்படியே விழுங்கினேன். ஆனால் இதில் மூன்று இடங்களில் இடிக்கிறது. முதல் இரண்டும் பொறியியல் பிழைகள், சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவதுதான் அப்பாவின் முகத்தைச் சாப்பிட்டது.

ஒன்று: காரணம் தப்பு

படிகளின் எண்ணிக்கை முக்கியம் என்றால் 14 பிட் கேமரா வந்ததுமே நிழல் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மளிகைக் கடைத் தராசில் முள் ஐந்து கிராம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தால், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டி என்ன பயன்? சென்சாரிலும் அதே கதைதான். இரைச்சல் ஒரு படியின் உயரத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது கூடுதல் படிகள் இரைச்சலைத்தான் துல்லியமாக அளக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ஒளியிலிருந்தேதான். ஃபோட்டான்கள் மழைத்துளி மாதிரி வருகின்றன. மொட்டை மாடியில் ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை வைத்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. சராசரி 100 துளி என்றால் ஏறத்தாழ 10 கூடக் குறைய இருக்கும். சராசரி 10,000 என்றால் 100 கூடக் குறைய. வர்க்கமூலக் கணக்கு. முதலாவதில் பிசிறு பத்து சதவீதம், இரண்டாவதில் ஒரு சதவீதம். ஆக, வலப்பக்கம் தள்ளினால் படம் சுத்தமாக வருவதற்குக் காரணம் அதிக ஒளி சேர்வதுதான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் எமில் மார்ட்டினெக் 2008 வாக்கில் எழுதிய நீண்ட கட்டுரையில் இதை வரைபடங்களோடு நிறுவினார்.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, பலன் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்று இல்லை. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினாலும் ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நகரும், ஆனால் ஒரு ஃபோட்டான்கூடக் கூடாது. பழைய கேமராக்களில் அதற்கும் கொஞ்சம் பலன் இருந்தது, ஏனென்றால் சென்சாரிலிருந்து எண்ணிக்கையைப் படித்தெடுக்கும்போது சேரும் இரைச்சல் அவற்றில் அதிகம். 2010-இல் வந்த நிக்கான் டி7000 போன்ற கேமராக்களில் அந்த இரைச்சல் மிகவும் குறைந்துவிட்டது. அவற்றில் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்துக் கணினியில் தூக்குவதும், கேமராவிலேயே ஐ.எஸ்.ஓ. ஏற்றி எடுப்பதும் நிழல் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்றி எடுத்தால் ஹைலைட் மட்டும் வீணாகப் போகும். விதியைப் படிகள் கணக்காகப் புரிந்துகொண்டவர்கள் இந்தக் குழியில் விழுவார்கள். நான் பல வருடம் விழுந்து கிடந்தேன்.

இரண்டு: அளவுகோல் தப்பு

கேமரா முதுகில் தெரிகிற ஹிஸ்டோகிராம் ரா ஃபைலுடையது இல்லை. வெள்ளைச் சமன், கான்ட்ராஸ்ட் எல்லாம் போட்டுச் செய்த ஜேபெக்கினுடையது. பெரும்பாலும் ஜேபெக் முட்டிய பிறகும் ராவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து ஒரே வரைபடமாகக் காட்டும்போது தலைகீழாகவும் ஏமாறலாம்.

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் கபாலியின் கழுத்தில் செவ்வரளி மாலை. மொத்த ஹிஸ்டோகிராம் ‘பத்திரம்’ என்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு மட்டும் தனியாக முட்டி நிற்கிறது. மாலையில் பூவும் இல்லை, இதழும் இல்லை, ஒரே செங்கல் பூச்சு. மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். இதுவும் திருத்தக்கூடிய குறைதான்.

மூன்று: கேள்வியே விட்டுப்போனது

விதி எதைக் காப்பாற்றுகிறது? காட்சியில் எது மிகப் பிரகாசமோ அதை. அது முக்கியமானதா என்று விதி கேட்பதில்லை.

ஐப்பசி மழை மூடிய ஒரு சாயங்காலம் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளக்கரையில் நின்று எடுத்தால் இந்தக் கேள்வி எழாது. வானம், தண்ணீர், படிக்கட்டு எல்லாம் ஐந்தாறு ஸ்டாப்புக்குள் அடங்கும். வலப்பக்கம் தள்ள இடம் இருக்கும், தள்ளினால் படம் பளிங்கு மாதிரி வரும். அந்த மாதிரி வெளிச்சத்துக்கு ரைக்மன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அவருடைய விருப்பம் நிலக்காட்சி. முக்காலியில் கேமராவை வைத்து, நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து எடுக்கும் வேலை.

நம் ஊர்த் தெரு அப்படி இல்லை. பங்குனி வெயிலில் தரைக்கு வரும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வெள்ளை வேட்டி அதில் தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கோயில் பிராகாரத்தின் உள்ளே இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். எண்ணெய் ஏறிய கருங்கல் அதில் ஐந்து சதவீதத்தைத் திருப்பினால், இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்பதாயிரத்துக்கு ஒன்று. அதாவது பதின்மூன்று ஸ்டாப். இன்றைய நல்ல சென்சார் ஒன்றின் ஒரு புள்ளி ஐம்பதாயிரம் எலெக்ட்ரான் பிடிக்கும், படித்தெடுக்கும் இரைச்சல் மூன்று எலெக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் பதினான்கு ஸ்டாப் வரும். ஆனால் கடைசி நான்கைந்து ஸ்டாப்பில் இருப்பதை முகம் என்று சொல்ல முடியாது, புழுதி என்றுதான் சொல்லலாம்.

ஆக, வாசலில் நின்று உள்ளேயும் வெளியேயும் சேர்த்து எடுத்தால் ஏதோ ஒன்று போகத்தான் போகும். எது போகலாம் என்று முடிவெடுப்பதுதான் எக்ஸ்போஷர். விதி அந்த முடிவை வெளிச்சத்திடம் விட்டுவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி நல்ல பாடம். வெள்ளி வாகனம். அதன் மேல் காலைச் சூரியன் படும்போது தோளில், முழங்காலில், கொம்பில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஒளி தெறிக்கும். கேமராவின் எச்சரிக்கை அந்த இடத்தில் கண் சிமிட்டும். சிமிட்டலை நிறுத்த மூன்று ஸ்டாப் குறைத்தால், வாகனத்தைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் முகமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். எதற்காக இந்தத் தியாகம்? அந்தத் தெறிப்பில் இருப்பது சூரியனின் பிம்பம். அதில் காப்பாற்றுவதற்கு விவரமே கிடையாது. வெள்ளையாகப் போனால்தான் வெள்ளி வெள்ளியாகத் தெரியும். குறைத்து எடுத்தால் அலுமினியம் மாதிரி இருக்கும்.

அதே ஃபிரேமில் வேறு வகை வெள்ளையும் உண்டு. மல்லிகை, வேட்டி மடிப்பு, சுமப்பவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்த விபூதி. இவற்றில் நிஜமாகவே விவரம் இருக்கிறது. விபூதிக்கும் அதன் கீழிருக்கும் கறுத்த தோலுக்கும் ஒரே வெளிச்சத்தில் மூன்று ஸ்டாப்தான் வித்தியாசம். இரண்டையும் தாராளமாகப் பிடிக்கலாம், வெள்ளித் தெறிப்பை விட்டுக்கொடுத்தால். விதி இந்த இரண்டு வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த விட்டுக்கொடுத்தல் ஒன்றும் புதுசு இல்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்களைப் பாருங்கள். அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அக்கால வேதிப்பொருளுக்கு நீலம்தான் கண்ணில் படும். கல் பதிகிற அளவுக்கு ஒளி கொடுத்தால் வானம் முழுக்க வெளுத்துவிடும். ட்ரைப் கல்லுக்குத்தான் ஒளி கொடுத்தார். பிறகு நெகட்டிவில் வண்ணம் தீட்டி மேகம் வரைந்துகொண்டார். வானத்தை வரைந்துகொள்ளலாம், கோயில் கல்வெட்டை வரைய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெருவுடையார் கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டியவர் அவர்.

ஃபோன் என்ன செய்கிறது

‘இதெல்லாம் பழைய கதை, இப்போது ஃபோனே பார்த்துக்கொள்கிறது’ என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி சரி. கூகுள் குழு தன் ஹெச்.டி.ஆர். பிளஸ் முறையை 2016-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை: ஃபோன் இடப்பக்கம் தள்ளுகிறது! வேண்டுமென்றே குறைந்த ஒளியில் பல ஃபிரேம்களைச் சடசடவென்று எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிச் சேர்க்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஹைலைட் தப்பிக்கிறது. ஒன்பது ஃபிரேமைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. 2003-இன் விதிக்கு நேர் எதிர்த் திசை, ஆனால் அடியில் அதே மழைத்துளிக் கணக்கு. மொத்தம் எத்தனை துளி சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

பிடிப்பது வரைக்கும் இது அற்புதம். பிடித்ததைக் காட்டும் இடத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். பெரும்பாலான ஃபோன் படங்களில் நிழலெல்லாம் தூக்கப்பட்டு, வெள்ளையெல்லாம் இறக்கப்பட்டு, பிராகாரத்தில் ட்யூப் லைட் போட்ட மாதிரி இருக்கிறது. முகம், கோபுரம், வானம் மூன்றும் ஒரே வெளிச்சம். விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு வெயில் அடித்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதுகாப்பது வேறு, எல்லாவற்றையும் காட்டுவது வேறு.

மறுபடி அந்தப் படம்

இப்போது 2009 படத்துக்குத் திரும்பிக் கணக்கு போடலாம். ஒரே வெளிச்சத்தில் வேட்டிக்கும் அப்பாவின் முகத்துக்கும் மூன்று ஸ்டாப். வெயிலுக்கும் ஷாமியானா நிழலுக்கும் இன்னொரு மூன்று. ஆக ஆறு. வேட்டியை வலது சுவருக்கு ஒரு மயிரிழை உள்ளே நிறுத்தினேன். 4096-ஐ ஆறு முறை பாதியாக்கினால் 64. அப்பாவின் முகம் மொத்தமும் அந்த 64 படிக்குக் கீழே, கேமராவின் பட்டை இரைச்சலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.

இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்திருந்தால் முகத்துக்கு நான்கு மடங்கு ஒளி, ஒளியின் பிசிறு பாதி. மடியில் வெயில் பட்ட துணி மட்டும் வெள்ளையாகப் போயிருக்கும். போனால் என்ன? அந்த வேட்டி இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கரை பச்சை என்று தெரிந்துகொள்ள எனக்குப் படம் தேவையில்லை. அப்பா இப்போது இல்லை.

விதியை முழுக்கக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஹைலைட்டுக்குப் பயப்படச் சொல்வதில் நியாயம் உண்டு. டிஜிட்டலில் ஹைலைட் மொட்டை மாடி விளிம்பு மாதிரி, தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. நிழல் படிக்கட்டு மாதிரி, இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். நெகட்டிவ் ஃபிலிமில் இது தலைகீழ், அங்கே நிழலுக்கு ஒளி கொடு என்பதுதான் பாடம். ஆகவே சந்தேகம் வந்தால் ஹைலைட் பக்கம் சாய்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் சந்தேகமே இல்லாத இடத்தில், எதிரில் அப்பா சிரிக்கும்போது, நான் கேமரா முதுகில் சிமிட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வழக்கம் இது. எடுக்கும் முன் ஒரே கேள்வி: இந்தப் படத்தில் எது போனால் படம் இல்லை? அது முகம் என்றால் முகம் வெள்ளைச் சுவரிலிருந்து நான்கு ஸ்டாப்புக்குள் இருக்கும்படி ஒளி கொடுக்கிறேன். அதன் பிறகு வேட்டிக்கும் விபூதிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் வெயில் பட்ட துணி போகட்டும், வெள்ளித் தெறிப்பு போகட்டும், வானம் போகட்டும். முகத்துக்கு வேண்டியதைக் கொடுத்த பிறகும் வலப்பக்கம் இடம் மிஞ்சினால், அப்போது ரைக்மன் சொன்னபடி தாராளமாகத் தள்ளுகிறேன், ஐ.எஸ்.ஓ.வால் இல்லாமல் ஷட்டரால்.

அம்மா வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது நான் எடுத்த படம் இல்லை. அதே நாளில் சித்தப்பா பையன் சின்னக் கையடக்கக் கேமராவில் ஆட்டோவில் வைத்து எடுத்தது. வேட்டி முழுக்க வெளுத்து, மடியில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டின மாதிரி இருக்கிறது. சிரிப்புக்கு ஒரு நொடி பிந்திய முகம், பாதி அடங்கியிருக்கிறது. ஆனால் அப்பா என்று தெரிகிறது. வருகிறவர்கள் யாரும் இதுவரை வேட்டியைப் பற்றிக் கேட்டதில்லை.